கூடுதல் இரண்டு கிலோ

அன்பு மக்காவுக்கு,

அம்மா எழுதுகிறேன். எல்லோரும் சுகம் என்று எழுதும் அளவுக்கு இந்த வீட்டில் ஆளில்லை; நானும் உன் அப்பாவும்தான். அவருக்கு முட்டுவலி போன வாரத்துக்கு இந்த வாரம் பரவாயில்லை. ஒன்பது நாளுக்கு முன் நீ வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பினாய். அதை நான் பார்த்துவிட்டேன் என்பதை நீலக் கோடுகள் உனக்குக் காட்டிக்கொடுத்திருக்கும். மூன்றாம் நாள் ஒரு கேள்விக்குறி போட்டாய், ஐந்தாம் நாள் இரண்டு. முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு உன் கேள்விக்குப் பதில் சொல்ல அரை நிமிடம் போதும். ஆனால் அந்தக் கேள்வியில் ஒரு பாதிக்குத்தான் போனில் பதில் சொல்ல முடியும். மறுபாதிக்குக் காகிதம் வேண்டியிருக்கிறது. அதனால்தான் கொச்சியில் இருக்கும் உனக்கு, கூரியர்க்காரன் சிரிக்கும் அளவுக்கு, இத்தனை தாளில் எழுதி அனுப்புகிறேன். ஒரே மூச்சில் படித்துவிடாதே. டீ போட்டு வைத்துக்கொண்டு உட்கார்.

நீ எழுதியதை அப்படியே இங்கே எடுத்து வைக்கிறேன், பிறகு நான் ஒன்றும் கூட்டிச் சொன்னதாக ஆகக்கூடாது. "அம்மா, கேக் அருமனை லில்லி ஆன்ட்டிகிட்ட சொல்லலாம்னு ஜெனி சொல்லுதா. 350 பேரு. பதினாலு கிலோ போதுமா? அவங்க எடை குறைப்பாங்கல்லா, அதனால ரெண்டு கிலோ கூட்டி பதினாறா சொல்லட்டா?" இதுதான் உன் கேள்வி. கூடவே இன்டர்நெட்டிலிருந்து எடுத்த ஒரு அட்டவணையையும் அனுப்பியிருந்தாய், இத்தனை இஞ்ச் வட்டக் கேக் இத்தனை பேருக்குப் போகும் என்று.

முதலில் கணக்கை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் எனக்குப் பயமில்லை. அந்த அட்டவணையைத் தூக்கித் தூரப் போடு. அதைப் போட்டவர்கள் கேக்கைத் தட்டில் வைத்து முள்கரண்டியால் சாப்பிடுகிற ஆட்கள். நம் ஊர்க் கல்யாணத்தில் கேக் என்றால் தீப்பெட்டியைவிடச் சற்றுத் தடிமனான ஒரு துண்டு, பட்டர் பேப்பரில் பொதிந்து, ட்ரேயில் வைத்து வரிசை வரிசையாகக் கொண்டுவருவது. அது நாற்பது கிராம் இருக்கும். ஒரு கிலோவுக்கு இருபத்தைந்து துண்டு. பிளம் கேக் கட்டியாக இருப்பதால் அப்படி வெட்ட முடியும். கிரீம் கேக் என்றால் கத்தி போட்டவுடன் உதிரும், பாதி ட்ரேயிலேயே போய்விடும். மேடையில் வைக்கிற கேக்கைப் பொறுத்தவரை ஒன்றை நினைவில் வை. எட்டு இஞ்ச் கேக்குக்கும் பத்து இஞ்ச் கேக்குக்கும் இரண்டு இஞ்ச்தானே வித்தியாசம் என்று தோன்றும். உயரம் ஒன்றாக இருந்தால், பத்து இஞ்ச் கேக் எட்டு இஞ்ச் கேக்கைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆரத்தை வர்க்கப்படுத்த வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பில் உனக்கு நான்தான் சொல்லித்தந்தேன்.

பெருக்கலை விடச் சிரமமானது ஆட்களை எண்ணுவது. கார்டில் 'குடும்பத்துடன்' என்று அச்சடித்துவிடுகிறோம். குடும்பம் என்றால் எத்தனை பேர் என்று அவரவர்தான் முடிவு செய்கிறார்கள். அன்றைக்கே பக்கத்துச் சபையில் இன்னொரு கல்யாணம் இருந்தால் வீட்டுக்கு ஒருவர் இங்கே, ஒருவர் அங்கே என்று பிரிந்துவிடுவார்கள். ஜெபம் முடிந்ததும் கிளம்புகிறவர்கள் உண்டு, நேரே பந்திக்கு வருகிறவர்கள் உண்டு. தான் சாப்பிட்டதுபோக வீட்டிலிருக்கும் பேரப்பிள்ளைக்கு என்று ஒரு துண்டைக் கைப்பையில் போடுகிறவர்களை ஒன்றும் சொல்லக்கூடாது, அவர்களையும் எண்ணத்தான் வேண்டும். வரமுடியாமல் படுத்திருப்பவர்களுக்குக் கொடுத்தனுப்புவதற்கு ஒரு இருபது துண்டு. சமையல்காரர்கள், பந்தல்காரர்கள், மைக் செட்காரர். இவர்களையெல்லாம் சேர்த்துத்தான் முந்நூற்றைம்பதா என்று ஜெனியிடம் போனில் கேட்டேன். "ஆமா ஆன்ட்டி, சமையல்காரங்க பதினொண்ணு பேரு, அவங்களையும் சேத்தாச்சு" என்றாள். ஜனவரியில் நீ கட்டப்போகிறவள் உன்னைவிடக் கெட்டிக்காரி. உனக்குப் பதில் போடாமல் அவளிடம் மட்டும் பேசினேனே என்று கோபப்படாதே, அவளிடம் கேட்டது இந்த ஒன்றைத்தான். ஆக முந்நூற்றைம்பது துண்டு, பதினாலு கிலோ. கணக்கு சரி.

இனி அந்த இரண்டு கிலோ.

உன் ராபின் மாமா கல்யாணம் உனக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கும். உனக்கு ஏழு வயது, வெல்வெட் கோட்டு போட்டுவிட்டேன், கழுத்து அரிக்கிறது என்று அழுதாய். இருபத்திரண்டு வருடம் ஆகிறது. உன் அப்பா அப்போது மஸ்கட்டில், லீவு கிடைக்கவில்லை. எங்கள் அப்பா போன பிறகு தம்பிக்கு எல்லாம் நான்தான் என்று நானே முடிவு செய்துகொண்டு எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்துகொண்டிருந்தேன். பேசி முடித்தபடி விருந்து பெண் வீட்டார் பொறுப்பு, கேக் எங்கள் பொறுப்பு. அறுநூறு பேர். கேக்குக்கு அருமனை லில்லி அக்காவைச் சொன்னோம். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும், வீட்டிலேயே ஓவன் வைத்துச் செய்துகொண்டிருந்தார். தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துச் சபைகளில் பாதிக் கல்யாணத்துக்கு அவர் கேக்குதான்.

அறுநூறு பேருக்கு இருபத்திநாலு கிலோ. லில்லி அக்கா மேடைக் கேக்குக்கு ஒரு படத்தைக் காட்டினார். மூன்று அடுக்கு, பன்னிரண்டு இஞ்ச், ஒன்பது இஞ்ச், ஆறு இஞ்ச், ஒவ்வொன்றும் மூன்று இஞ்ச் உயரம். அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த டீச்சர் விழித்துக்கொண்டாள். மூன்று உருளையின் கனஅளவு கண்டுபிடித்தேன், எடையாக மாற்றினேன், ஒன்பது கிலோ வந்தது. மேடையிலேயே ஒன்பது கிலோ இருக்கும்போது வெட்டிக் கொடுப்பதற்குத் தனியாக இருபத்திநாலு எதற்கு, பதினைந்து போதும் என்று குறைத்தேன். அதில் எனக்கு வந்த பெருமையை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. அதையே என் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு கணக்காகக் கொடுத்தேன், 'ஒரு திருமணத்தில் மூன்று அடுக்குக் கேக்' என்று ஆரம்பித்து. முக்கால்வாசிப் பிள்ளைகள் சரியாகப் போட்டார்கள். எல்லோருக்கும் ஒன்பது கிலோதான் வந்தது.

கல்யாணத்தன்று கேக் வெட்டினார்கள், பாட்டு பாடினார்கள், ட்ரேக்கள் கிளம்பின. எடுத்துக் கொண்டுபோனவர்கள் எங்கள் வீட்டுப் பையன்கள், அதனால் வலது பக்கம் உட்கார்ந்திருந்த எங்கள் ஆட்களுக்கு முதலில் போயிற்று. நீ இரண்டு துண்டு வாங்கினாய். பிறகு இடது பக்கம், பெண் வீட்டார் பக்கம். நாலு வரிசை தாண்டவில்லை, ட்ரே காலி. நான் மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் லில்லி அக்கா கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருக்கிறார், முன்னால் வெறும் பட்டர் பேப்பர். அந்த நேரத்தில் உன் மாமியின் தாய்மாமன் அங்கே வந்தார். மயிலாடியில் கல்பட்டறை வைத்திருந்தவர், கனத்த குரல்.

"டீச்சரே, எங்க ஆளுகளுக்கு கேக்கு வரல்லியே. மாப்பிள்ள வீட்டுக்கு மட்டும் உள்ளதா?"

இருநூறு பேருக்கு இல்லை. அவர் பின்னால் ஏழெட்டுப் பேர் வந்து நின்றார்கள். என் தம்பியும் மேடையிலிருந்து என்னைத்தான் பார்த்தான். நான் யோசிக்கவே இல்லை. என்னிடமிருந்து தப்பு வர வாய்ப்பில்லை என்ற நம்பிக்கைதான் வாய் வழியாக வந்தது.

"நான் அறுநூறு பேருக்கு கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். இவ எடை குறைச்சுத் தந்திருக்கா. எனக்க கணக்குல தப்பு வராது, நான் கணக்கு டீச்சராக்கும்."

லில்லி அக்கா நாலடி தூரத்தில் நின்றார். நான் 'இவ' என்று சொன்னது அந்த ஒரு முறைதான், அதற்கு முன்னும் பின்னும் அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அவர் கத்தியைத் துடைத்தார், பையில் வைத்தார். "கேக்கு ஸ்டாண்ட நாளைக்கு ஆருட்டயாவது கொடுத்து விடுங்க டீச்சரே" என்றார். அவ்வளவுதான். சைடு கதவு வழியாகப் போய்விட்டார். அவர் ஒன்றும் பேசாமல் போனதே போதுமானதாக ஆகிவிட்டது அங்கே நின்றவர்களுக்கு. குற்றம் செய்தவள் பேசாமல் போகிறாள் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் ஸ்டாண்டைக் கழற்றுவதற்காக மேடைக் கேக்கைச் சமையலறை மேசையில் வைத்தேன். மேல் அடுக்கை முந்தின நாளே வெட்டித் தீர்த்திருந்தோம். கீழ் இரண்டு அடுக்கும் அப்படியே இருந்தன. இது எப்படி மிஞ்சியது, இதையும் வெட்டியிருக்கலாமே, அவசரத்தில் மறந்துவிட்டோமே என்று கத்தியை இறக்கினேன். கிரீச் என்று ஒரு சத்தம். வெள்ளைப் பூச்சுக்குக் கீழே தெர்மகோல். கை முழுக்கக் குட்டிக் குட்டியாக வெள்ளை உருண்டை ஒட்டிக்கொண்டது, உதறினாலும் போகவில்லை. அப்போதுதான் எங்கேயோ வைத்த ஒரு காகிதம் ஞாபகம் வந்தது. லில்லி அக்கா ஆர்டரை ஒரு தாளில் எழுதி முன்னமே ஒரு பையனிடம் ஸ்கூலுக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். அரையாண்டுப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். மார்க் ரிஜிஸ்தரைத் திறந்து பார்த்தேன், அதற்குள் இருந்தது. 'மேல் தட்டு கேக். கீழே ரெண்டு தட்டும் தெர்மகோல், கேக் இல்ல. ட்ரே கேக் 15 கிலோ. சரியா என்று பாத்து சொல்லணும்.' ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு டிக். கீழே என் கையெழுத்து, தேதியோடு. கையில் வந்த எந்தத் தாளுக்கும் படிக்காமலே டிக் போடுகிற அளவுக்கு அந்த வாரம் நான் திருத்தியிருந்தேன்.

மேல் தட்டு ஒரு கிலோ, ட்ரே பதினைந்து, மொத்தம் பதினாறு. நானூறு துண்டு. ஒரு கிராம் குறையவில்லை.

அன்றே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று இந்த ஒன்பது நாளில் நிறைய யோசித்தேன். பெரிய காரணம் எதுவும் அகப்படவில்லை. புதுப்பெண் வீட்டுக்கு வந்த மறுநாள், அவள் ஆட்களிடம் போய் நான்தான் உங்களுக்கு இல்லாமல் செய்தேன் என்று எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். மறுவீடு முடியட்டும் என்றேன். பிறகு கிறிஸ்மஸ் வந்தது. பிறகு பள்ளிக்கூடத்தில் பதவி உயர்வு வந்தது. ஸ்டாண்டை ஒரு ஆட்டோக்காரரிடம் கொடுத்தனுப்பினேன். காகிதத்தைக் கிழிக்கவும் மனம் வரவில்லை, லாகரிதம் அட்டவணைப் புத்தகத்துக்குள் வைத்தேன். நான் சொன்ன வார்த்தை அதற்குள் தானாக நடக்க ஆரம்பித்திருந்தது. ஒரு வருடத்தில் நம் பக்கத்தில் ஒருவரும் லில்லி அக்காவிடம் கேக் சொல்லவில்லை. அவர் டீக்கடைகளுக்கு ரஸ்க் போட்டுக்கொடுக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். 'எடை குறைப்பா' என்று அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. யார் முதலில் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். இப்போது அவர் மருமகள் இன்ஸ்டாகிராமில் படம் போட்டு மறுபடி ஆர்டர் வருகிறதாம், பழைய கதை தெரியாத பிள்ளைகளிடமிருந்து. ஜெனி அப்படித்தான் கண்டுபிடித்திருக்கிறாள். கதை தெரிந்த ஒருவன் நீ இருந்தாய், இரண்டு கிலோ கூட்டினாய்.

உன் கேள்வி வந்த மறுநாள் மார்த்தாண்டம் போய் அங்கிருந்து அருமனை பஸ் ஏறினேன். உன் அப்பாவிடம் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்றேன். அதுவும் பொய்தான், எழுதும்போதுதான் கவனிக்கிறேன். வீட்டுப் பின்னால் ரப்பர் மரங்கள், கயிற்றில் ரப்பர் ஷீட் காய்கிறது, உள்ளே ஏலக்காய் மணம். லில்லி அக்கா எடை மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து மாவு நிறுத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெளுத்துவிட்டது. என்னை உடனே தெரிந்தது.

"வாங்க டீச்சரே. இரிங்க. கை மாவா இருக்கு."

நான் காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடி போட்டுப் படித்தார். சிவப்பு டிக்கின் மேல் விரலை வைத்தார்.

"இது எனக்கு ஓர்மை உண்டு. பையன் திருப்பிக் கொண்டு காணிச்சப்பம், டீச்சரு சரின்னு போட்டிருக்காங்கன்னு பாத்துட்டு, ஒங்க கையிலயே இருக்கட்டும்னு திரும்பக் கொடுத்தனுப்பினேன்."

"அண்ணைக்கு ஏன் அக்கா ஒண்ணும் சொல்லல்ல?"

"சொன்னா ஆரு நம்புவா? நீங்க கணக்கு டீச்சரு. நான் கேக்கு போடுதவ."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. உப்பு ஒரு ஸ்பூன் என்பதுபோலச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன், தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. உன் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து எல்லார் முன்னாலும் சொல்கிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"அது வேண்டாம் டீச்சரே. பிள்ளையளுக்க நாளு அது, ஒங்களுக்க நாளு இல்ல. எனக்கிட்ட வந்து பறைஞ்சாலும் ஆயிடாது. நான் அத நம்பினவ இல்லியே. நம்பினவங்க இருக்காங்கல்லா, அவங்க வீட்டுல போய்ச் சொல்லுங்க."

பிறகு எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். கூட ஒரு துண்டு கேக். எத்தனை பேர் கல்யாணத்துக்கு என்று கேட்டார், சொன்னேன். "பதினாலு மதி. நான் எப்பமும் ஒரு கால் கிலோ கூடுதலாத்தான் ட்ரேயில வைப்பேன், ஓரம் வெட்டுனா பொடியா போவும்லா" என்றார். அப்படியானால் அன்றைக்கும் பதினைந்தே கால் கிலோ வந்திருக்கும். உனக்குச் செய்து தருவாரா என்று கேட்கப் பயமாக இருந்தது, கேட்டேன். "வீடு வீடா போய்ட்டு வாங்க. பெறவு பாப்போம்" என்றார்.

பஸ்ஸில் வரும்போதே நோட்டை எடுத்து எண்ண ஆரம்பித்தேன். ஒரு கேக் எத்தனை பேருக்குப் போகும் என்று வாழ்நாள் முழுக்கப் பலருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். நான் வாய் திறந்து சொன்ன ஒரு வார்த்தை எத்தனை பேருக்குப் போயிற்று என்று எண்ணியதில்லை. காதால் கேட்டவர்களை மட்டும் எழுதினேன், அவர்களிடமிருந்து கேட்டவர்களை எண்ண ஆரம்பித்தால் முடிவில்லை. பதினைந்து பெயர் வந்தது. ஆறு பேர் இப்போது இல்லை. அவர்களிடம் சொல்ல வழியில்லாமல் போனதற்கு இருபத்திரண்டு வருடம் காத்திருந்த நானே காரணம். இருவர் வெளிநாட்டில், போனில் சொன்னேன். மீதிப் பேரின் வீட்டுக்கு ஒவ்வொன்றாக நடந்தேன். எல்லாவற்றையும் எழுதினால் நீ தூங்கிவிடுவாய். இரண்டு வீட்டை மட்டும் சொல்கிறேன்.

மயிலாடி மாமாவுக்கு இப்போது எண்பத்தாறு, காது கேட்கவில்லை. நான் மெதுவாகச் சொன்னேன், அவர் கையைக் காதில் வைத்தார். சத்தமாகச் சொன்னேன், "கேக்கா? எந்தக் கேக்கு?" என்றார். கடைசியில் தெருவுக்கே கேட்கும்படி, "லில்லி எடை குறைக்கல்ல, நான்தான் கணக்குல தப்புப் போட்டேன்" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் ஒரு பெண் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அவருக்குக் கல்யாணமே ஞாபகமில்லை, நான் யார் என்பதும் அரைகுறைதான். ஆனால் லில்லி என்றதும், "ஆமா, அவ எடை குறைப்பாளே" என்றார். மறுபடி முதலிலிருந்து கத்தினேன்.

உன் மாமி வீடு அப்படி இல்லை. அவள் முழுவதையும் கேட்டாள். டீ கொண்டுவந்து வைத்தாள், உட்காரவில்லை. "எங்க வீட்டாளுக இத்தர வருசமா பறையுதாங்க மைனி, மொத நாளே ஒனக்க ஆளுகளுக்கு வைக்காத வீடுன்னு. நான் ஒங்களுக்காக அவங்ககிட்ட சண்ட போட்டிருக்கேன், அது கேக்குக்காரிக்க தப்புன்னு" என்றாள். நாலு நாளாக என் போனை எடுக்கவில்லை. கல்யாணத்துக்கு வருவாள் என்றுதான் நினைக்கிறேன், உன்மேல் அவளுக்குப் பிரியம் உண்டு. என்னிடம் பேசுவாளா என்று தெரியாது. அது அவள் பாடு, நான் அவசரப்படுத்தப் போவதில்லை. நீ அவளைக் கூப்பிட்டு எனக்காகப் பேசாதே.

புத்திமதி சொல்லும் இடம் இது, சுருக்கமாக முடித்துவிடுகிறேன். உனக்கும் ஜெனிக்கும் நடுவில் தப்பு நடக்கும். அது நடந்த அன்றே சொல்லிவிடு, மறுநாளுக்கு வைக்காதே. மறுநாள் சொல்வதற்கு முதல்நாளை விட இரண்டு மடங்கு தைரியம் வேண்டும், பத்தாம் நாள் சொல்வதற்கு எத்தனை மடங்கு என்று நீயே போட்டுப் பார். எனக்கு இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு, அருமனை வீட்டையும் சேர்த்து, ஏழு வீடு ஏற வேண்டியிருந்தது. முட்டுவலி உன் அப்பாவுக்கு மட்டும் என்று நினைக்காதே. இன்னொன்று, ஜெனி எதையாவது எழுதிக் கொடுத்தால் முழுசாகப் படித்துவிட்டுத் தலையாட்டு.

பட்டியலில் ஒரு பெயர் பாக்கி இருக்கிறது. அதைக் கடைசிக்கு வைத்தேன், அதற்குக் காரணம் உண்டு. அந்தப் பதினான்கு பேருக்கும் நான் தெரியாமல் சொன்னேன். சொன்ன நேரத்தில் அது உண்மை என்றே நம்பினேன். பிறகு திருத்தாமல் இருந்தது குற்றம்தான், ஆனால் சொன்னபோது பொய்யில்லை. மறுநாள் காலையில் தெர்மகோலைப் பேப்பரில் சுற்றி வைத்துவிட்டு, சிவப்பு டிக் போட்ட காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றேனே, அப்போது பல் தேய்த்துவிட்டு நீ உள்ளே வந்தாய். வாயில் இன்னும் பேஸ்ட் நுரை. "அம்மா, அந்தப் பக்கம் இருந்த ஜோயலுக்கு ஏன் கேக்கு கிடைக்கல்ல? நேத்து ஏன் தீந்துபோச்சு?" என்று கேட்டாய். காகிதம் என் கையில் இருந்தது, படித்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஏழு வயதுப் பிள்ளை, உன்னிடம் உண்மையைச் சொன்னால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. "லில்லி ஆன்ட்டி எடை குறைச்சுத் தந்துட்டா மக்கா" என்றேன்.

எல்லோரிலும் உன்னிடம் மட்டும்தான் நான் தெரிந்தே சொன்னேன். நீ அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாய், ஒன்பது நாளுக்கு முன் இரண்டு கிலோவாக எனக்கே திருப்பி அனுப்பினாய். அம்மா சொன்னது பொய், மக்கா. லில்லி ஆன்ட்டி ஒருநாளும் எடை குறைத்ததில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

நேற்று அருமனைக்குப் போன் செய்து, ஒரு பெயர்தான் பாக்கி, அதையும் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். யார் என்று அவர் கேட்கவில்லை. "அவன் வாசிச்சிட்டு அவனே விளிச்சு ஆர்டர் சொல்லட்டும் டீச்சரே, அப்பம் எழுதிக்கிடுதேன்" என்றார். ஜெனியிடம் நம்பர் இருக்கிறது. நீயே கூப்பிடு.

அந்த இரண்டு கிலோவை அடித்துவிடு. பதினாலு போதும்.

அம்மா